சுவரோரம்

தண்ணீர் கூடிப்போய்விட்டது. முதலில் ஒரு வாளி ஊற்றி மிதிக்க வேண்டும், அப்புறம் கால் வாளி, அதற்கப்புறம் கையால் அள்ளித் தெளித்தாலே போதும் என்று மண்வீடு கட்டும் மூன்று நாள் பயிற்சியில் சொன்னதை நோட்டில் எழுதி அடியில் கோடும் போட்டு வைத்திருந்தாள் தையல்நாயகி. இருந்தும் இரண்டாவது வாளியைச் சாய்க்கும்போது அண்ணன் பஸ் ஏறியிருப்பாரா என்ற நினைப்பு குறுக்கே வந்தது, முக்கால் வாளி மொத்தமாகப் போய்விட்டது. தார்ப்பாயின் மேல் செம்மண் இப்போது மழைக்கு அப்புறம் லாரி போன தடம் மாதிரிக் கிடந்தது. முப்பத்தொரு வருஷம் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து கொடுத்த கை. மாத்திரையைப் பாதியாக உடைத்தால் இரண்டு பாதியும் ஒன்றுபோல இருக்கும், நர்ஸம்மா சகாயமேரி அதைப் பார்த்து, “அக்கா கையில தராசு வச்சுத்தான் பெத்துருக்காங்க” என்பாள். அந்தக் கைக்கு ஒரு வாளித் தண்ணீர் அளக்கத் தெரியவில்லை. சரி, இன்னும் இரண்டு கூடை மண்ணைப் போட்டால் சரியாகிவிடும், மண்ணுக்கா இங்கே பஞ்சம் என்று புடவையை இன்னும் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு கூடையை எடுத்தாள். கந்தர்வகோட்டையிலிருந்து உள்ளே தள்ளி நாற்பது சென்ட் நிலம். வருகிற சித்திரையில் ஓய்வு, ஆவணிக்குள் ஆஸ்பத்திரிக் குவார்ட்டர்ஸைக் காலி செய்து சாவியைக் கொடுக்க வேண்டும். கல்யாணம் காட்சி என்று எதுவும் இல்லை, ஒற்றை ஆள். ஒற்றை ஆளுக்கு ஓர் அறை, ஓர் அடுப்படி, பின்னால் ஒரு குளியலறை. வீட்டின் உருவத்தைச் சுண்ணாம்புத் தூளால் போன வாரமே தரையில் வரைந்தாகிவிட்டது. ஒன்றரை அடிக் கனத்துக்கு இரட்டைக் கோடு, வாசல் வருகிற இடத்தில் மட்டும் கோடு இல்லை. வரைந்த அன்றிலிருந்து அவள் அந்த இடைவெளி வழியாகத்தான் உள்ளே போகிறாள், வெளியே வருகிறாள். கோட்டைத் தாண்டிக் குதிக்க மனசு வரவில்லை. அதை யாராவது பார்த்தால் சிரிப்பார்கள் என்றும் தெரியும்.

கால் உள்ளே போனதும் சேறு குதிகாலைப் பிடித்து இழுத்தது. வலது காலை வைத்து, குதிகாலால் திருகி, எடுத்து, இடது. மேலே குளிர்ச்சி, அடியில் வெதுவெதுப்பு, விரல் இடுக்கில் ஏறும்போது கூச்சம். மூன்று பங்கு மண், ஒரு பங்கு மணல், வைக்கோல் கடைசியில். அந்தக் கணக்குக்கு வருவதற்கே இரண்டு மாசம் ஆயிற்று. காலியான இருமல் மருந்துப் பாட்டில் மூன்றில் மூன்று இடத்து மண்ணைப் போட்டுத் தண்ணீர் விட்டுக் குலுக்கி, குவார்ட்டர்ஸ் சன்னலில் வைத்து, ஒரு ராத்திரி தெளியவிட்டு, காலையில் அடியில் மணல் எவ்வளவு, நடுவில் வண்டல் எவ்வளவு, மேலே களி எவ்வளவு என்று ஸ்கேல் வைத்துப் பார்த்தாள். வேப்பமரத்தடி மண்ணில் களி அதிகம், காய்ந்தால் வெடிக்கும். கிணற்றுப் பக்கத்து மண் பொலபொலவென்று உதிரும். வடமேற்கு மூலை மண்தான் நயம். அதில் கட்டி பிடித்து இடுப்பு உயரத்திலிருந்து போட்டால் சப்பென்று உட்காருகிறதே ஒழிய சிதறுவதில்லை. மண்ணுக்கும் நோயாளி மாதிரி ஒரு சுபாவம் இருக்கிறது, ஒருவருக்குக் கேட்கிற மருந்து இன்னொருவருக்குக் கேட்பதில்லை. இதை அந்தப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்த பொறியாளரிடம் அவள் சொன்னபோது அவர் சந்தோஷப்பட்டு எல்லாரையும் கைதட்டச் சொன்னார். அவளுக்கு வெட்கமாகப் போயிற்று. அதே பொறியாளர் கடைசி நாளில், மண் சுவர் மழையால் விழுவதில்லை, அடி நனைந்து ஊறுவதால்தான் விழுகிறது, முழங்கால் உயரத்துக்குக் கருங்கல் கட்டி அதன்மேல் மண்ணை ஏற்றி, கூரை இறவாரத்தை மூன்று அடி வெளியே நீட்டிவிட்டால் உங்களுக்கு அப்புறமும் நிற்கும் என்றார். எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். அவள் எழுதவில்லை. அடி நனைந்து. அப்படியென்றால் அது விழுவதற்கு எத்தனை நாள் முன்னாலேயே விழ ஆரம்பித்திருக்கும்? இரண்டு நாளா, நான்கு நாளா? ஈரம் ஏறுவது உள்பக்கம் தெரியுமா? கையை வைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்குமா? வேண்டாம். வலது கால், திருகு, எடு. இடது கால். வைக்கோலை இப்போது போடக் கூடாது, மண் முதலில் மணலோடு கலந்து சப்பாத்தி மாவு பதத்துக்கு வர வேண்டும். நனைந்த மண்ணின் வாசனை ஏறி வந்தது. எல்லாரும் நல்ல வாசனை என்கிறார்கள். அவள் மூக்கைத் திருப்பி வாயால் மூச்சு விட்டாள். வரப்பில் ஆடு ஓட்டிக்கொண்டு போன ராசம்பாள் நின்று, “என்னம்மா, சின்னப்புள்ளயாட்டம் சேத்துல வெளையாடுறீய?” என்றாள். “வீடு கட்டப் போறேன்.” “சேத்துலயா?” “மண்ணுல.” “கவருமெண்டுல இருக்குறவுக எல்லாம் மாடி வச்சுக் கட்டுறாக, நீங்க என்னடான்னா” என்று ஆரம்பித்தவள் அதை முடிக்காமல், “நான் இருந்த மண்ணு வூட்டை இடிச்சுட்டுத்தான் காலனி வூடு குடுத்தாங்க, வெயில்ல உள்ள உக்கார முடியல, ஆட்டோட வெளியதான் கெடக்கேன்” என்று சொல்லிவிட்டு ஆட்டின் பின்னால் போய்விட்டாள். அவள் தனக்கு ஆதரவாகப் பேசினாளா, எதிராகப் பேசினாளா என்று தையல்நாயகிக்குப் பிடிபடவில்லை.

ஏன் மண்ணு என்று கேட்கிற எல்லாருக்கும் ஒரு பதில் தயாராக வைத்திருந்தாள். குளிர்ச்சி. அது பொய்யும் இல்லை. குவார்ட்டர்ஸில் சித்திரை வைகாசியில் மொட்டைமாடிச் சூடு அப்படியே கட்டிலில் இறங்கும், மின்விசிறி அந்தச் சூட்டைத்தான் சுற்றிச் சுற்றி விசிறும், தரையில் தண்ணீர் தெளித்துவிட்டுப் படுத்தாலும் அரைமணி நேரத்தில் முதுகு வேர்க்கும். ஆனால் போன வாரம் போனில் அண்ணன் நீலமேகம் கேட்டபோது அந்தப் பதிலைச் சொல்ல வாய் வரவில்லை. “மண்ணுலயா?” என்றார். பின்னால் டிவி ஓடுகிற சத்தமும் அண்ணி யாரையோ கூப்பிடுகிற சத்தமும் கேட்டது. போன் கட்டாகிவிட்டதோ என்று அவள் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். பிறகு, “சனிக்கெழமை வர்றேன். நான் வர்ற வரைக்கும் எதையும் ஆரம்பிக்காத” என்று வைத்துவிட்டார். அண்ணனுக்குப் புதுக்கோட்டையில் சிமெண்டுக் கடை. கடைக்கு முன்னால் லாரி புரோக்கர், அதற்கு முன்னால் கொத்தனாருக்குச் சித்தாள். எந்த வேலை பார்த்தாலும் அது சிமெண்டைச் சுற்றித்தான் இருந்தது. வீட்டைச் சுற்றித் தளம், தென்னைக்குத் தொட்டி, மாட்டுக்குக் கான்கிரீட் கொட்டகை, நாய்க்குக்கூட நாலு பக்கமும் கம்பி கட்டிக் கான்கிரீட் கூண்டு. நாய் அதற்குள் போய் அவள் பார்த்ததில்லை, அது எப்போதும் தென்னைத் தொட்டிக்குள் மண்ணைப் பறித்துக்கொண்டு படுத்திருக்கும். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் மாமனார் ஊரில் மண்சுவர் வீடு என்பதால் அண்ணன் ஒரு ராத்திரிகூட அங்கே தங்கியதில்லை. பொங்கலுக்குப் போனாலும் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து காபி குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார், அண்ணி வீட்டில் அதை மாப்பிள்ளை முறுக்கு என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். “மாடியில ரூமு சும்மாதான கெடக்கு, வந்து இரு” என்று ஐந்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். சொல்வது மனசோடுதான். அந்த மாடி அறையில் அவள் தங்கியிருக்கிறாள், நல்ல அறை, சுவர் வழவழவென்று இருக்கும், ஆணி இறங்காது. அங்கே படுத்தால் தூக்கம் வரும். ஆனால் தூங்கி எழுந்தால் எங்கிருந்தோ தப்பித்து வந்து ஒளிந்துகொண்டிருப்பவள் மாதிரி ஓர் எண்ணமும் கூடவே எழுந்திருக்கும். விழாத மண்சுவர் ஒன்றை ஒரு தடவையாவது தன் கையால் எழுப்பி, ஐப்பசி முழுக்க அது நனைவதைப் பார்க்க வேண்டும். அதை அண்ணனிடம் எப்படிச் சொல்வது?

மண்ணைப் புரட்ட வேண்டிய நேரம். தார்ப்பாயின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பின்னால் சாய்ந்து இழுத்தாள். இரண்டு பேர் செய்ய வேண்டிய வேலை, பாதி உருண்டு பாதி நின்றுவிட்டது. இழுக்கிறபோது கை தானாக ஒன்றை நினைத்துக்கொண்டது, மனசு நினைக்கவில்லை, கைதான். கோரைப்பாயின் மூலை. சிவப்பு ஓரம் போட்ட பாய், அந்த மூலையில் நூல் பிரிந்து கோரை நீட்டிக்கொண்டிருக்கும், பிடித்தால் உள்ளங்கையில் குத்தும். அவளுக்கு ஒன்பது வயசு, தங்கச்சி கனகுவுக்கு நாலு. ஐந்து நாளாக விடாத மழை. அப்பா ஏரிக்கரைக்கு மூட்டை அடுக்கப் போயிருந்தார், அம்மா வெளியே கன்றுக்குட்டியை அவிழ்த்து மேட்டில் கட்டிக்கொண்டிருந்தாள், அண்ணன் பதின்மூன்று வயசு ஆள், வாசல்படியில் குந்தி மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று மணிதான் இருக்கும், ஆனால் விளக்கு வைக்கிற நேரம் மாதிரி இருட்டு. கீற்றுக் கூரை நடுவில் ஒழுகிற்று. கனகு படுத்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் முதலில் ஒரு சொட்டு, பிறகு இரண்டு, பிறகு கால்மாட்டில் பாயே நனைந்தது. சுவரோரம் மட்டும் ஒழுகவில்லை. அவள் பாயின் மூலையைப் பிடித்து, குழந்தையோடு சேர்த்துச் சுவரோரமாக இழுத்தாள். பாதித் தூக்கத்தில் இருந்த கனகு வண்டியில் போகிற மாதிரி சிரித்து, “இன்னொருவாட்டி இழு” என்றது. இழுக்கவில்லை. இன்னொரு தடவை இழுத்திருந்தால் எந்தப் பக்கம் இழுத்திருப்பாள்? நாற்பத்தெட்டு வருஷமாக இந்த இடத்துக்கு வந்ததும் நினைப்பு முள்ளில் மாட்டிய முந்தானை மாதிரி நின்றுவிடும், முன்னாலும் போகாது, பின்னாலும் வராது. அதற்கப்புறம் நடந்ததெல்லாம் அவளுக்குத் தெளிவாகவே ஞாபகம் இருக்கிறது, அதில் சிக்கல் இல்லை. அடுப்படிக்குப் போனாள், பொட்டுக்கடலை டப்பாவைத் திறந்தாள். நெல் மூட்டையைத் தோளிலிருந்து இறக்கி வைத்த மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான், பெரிய சத்தம்கூட இல்லை. திரும்பினால் வீட்டுக்குள் மழை பெய்துகொண்டிருந்தது. சுவர் இருந்த இடத்தில் எதிர்வீட்டுப் பூவரச மரம் தெரிந்தது. அண்ணன் கையாலேயே தோண்டினார். பிறகு ஆட்கள் வந்தார்கள். ஊர் முழுக்க அந்த மழையில் பதினோரு வீடு விழுந்தது, சாவு இந்த ஒன்றுதான். மழையில விழுந்துச்சு என்றார்கள், விதி என்றார்கள், அரசாங்கத்திலிருந்து வந்து எழுதிக்கொண்டு போனார்கள். குழந்தை எங்கே படுத்திருந்தது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். அப்படித்தான் அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். ஒன்பது வயசிலும் சொல்லியிருப்பாளா, தெரியாது. தார்ப்பாயின் மறுபக்கம் போய் அந்த ஓரத்தைப் பிடித்தாள். மண் இன்னும் இளக்கமாகத்தான் இருந்தது, இன்னொரு கூடை போட வேண்டும், மணலும் அதற்குத் தக்கபடி.

“ஆரம்பிக்காதன்னேன்ல” என்று குரல் கேட்டது. அண்ணன் வரப்பில் நின்றுகொண்டிருந்தார், கையில் மஞ்சள் பை, வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்திருந்தார். பத்தரை பஸ் அதற்குள் வந்து போய்விட்டதா? “சும்மா பதம் பாக்கறேண்ணே, ரெண்டு கட்டி செஞ்சு காயவச்சுப் பாக்கணும், வீடு வைகாசியிலதான்” என்றாள். குற்றம் செய்து அகப்பட்டவள் மாதிரி குரல் வந்தது. அவர் தண்ணீர் குடித்தார், பையிலிருந்து அண்ணி கொடுத்துவிட்ட அதிரசத்தை எடுத்து அவள் வாயில் ஒன்றை வைத்தார், கை சேறாக இருந்ததால். பிறகு செருப்பை அவிழ்க்கப் போனார். “அண்ணே, சர்க்கரைக் காலு. வெறுங்காலோட மண்ணுல எறங்காத. கல்லு குத்துனா ஒனக்குத் தெரியக்கூடத் தெரியாது.” “மாத்திரையெல்லாம் ஒழுங்கா சாப்புடறேன்.” “ராத்திரி மாத்திரையை முழுங்காம சட்டைப்பையில வச்சுக்கறேன்னு அண்ணி சொல்லிட்டாங்க.” அவர் செருப்போடேயே வந்து தார்ப்பாயின் மறு ஓரத்தைப் பிடித்தார். இரண்டு பேருமாக இழுத்தபோது மண் ஒரே உருளையாகப் புரண்டது, அது வரைக்கும் தனியாகப் போராடியது வெட்டிவேலை என்று தோன்றியது. அவர் வலது கை ஆள்காட்டி விரல் நகம் இரண்டாகப் பிளந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும், அன்று தோண்டியதில் பெயர்ந்தது, அப்புறம் நேராக வளரவே இல்லை. அந்த விரலை மட்டும் தார்ப்பாயில் படாமல் நீட்டி வைத்துக்கொண்டிருந்தார். நாலு தடவை புரட்டினார்கள். சுண்ணாம்புக் கோட்டைப் பார்த்தபடி, “இது என்ன, ஒண்ணரை அடியா?” என்றார். “ஆமா.” “அடியில?” “முழங்கால் மட்டம் கருங்கல்லு. சிமெண்டுதான் போடணும் அதுக்கு, ஒன் கடையிலயே எடுத்துக்கறேன்.” அதற்குக் கொஞ்சம் சிரித்தார். “மேல?” “நாட்டு ஓடு. எறவாணம் மூணு அடி நீட்டம்.” அவர் கோட்டுக்குள் போய், அதுவும் வாசல் இடைவெளி வழியாகத்தான் போனார், யாரும் சொல்லாமலே, அறையின் நடுவில் நின்று நாலு பக்கமும் திரும்பிப் பார்த்தார். பிறகு அவளைப் பார்க்காமல், “நம்ம வீட்டுக்கு எறவாணம் ஒரு மொழம்கூட இல்ல” என்றார்.

அவர் அந்த வீட்டைப் பற்றிப் பேசி அவள் கேட்டதே இல்லை. அப்பா இருந்தவரைக்கும் யாரும் பேசமாட்டார்கள், அம்மா போனதற்கப்புறம் பேச ஆள் இல்லை. அவள் நோட்டிலிருந்து வீட்டு வரைபடத்தை எடுத்து நீட்டினாள். ஆஸ்பத்திரியில் மருந்து இருப்பு எழுதுகிற படிவத்தின் பின்பக்கத்தில் பென்சிலால் போட்டது, ஒரு வருஷமாக அழித்து அழித்துப் போட்டதில் தாளே நைந்துபோயிருந்தது. அண்ணனுக்குக் கண்ணாடி இல்லாமல் தெரியாது, கையை நீட்டித் தூரத்தில் பிடித்துக்கொண்டு பார்த்தார். கடைக்கு வருகிறவர்கள் கொண்டுவருகிற வரைபடமெல்லாம் பார்த்துப் பழகிய ஆள், விரலை வைத்துக்கொண்டே போனார். “அடுப்படி. சரி. பாத்திரம் வெளக்குற தொட்டி. அலமாரி. இது என்ன, மாடமா? மூணு மாடம். தெக்க ஒரு சன்னல், கெழக்க ஒரு சன்னல். தையல் மிசினு. புத்தகம் வைக்க ஒண்ணு. தண்ணிப் பானை. செருப்பு விட எடம் வேற போட்டுருக்க.” தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார், அங்கே இரும்புச்சத்து மாத்திரை, உப்புச் சர்க்கரைக் கரைசல் என்று அச்சடித்திருந்தது. மறுபடியும் திருப்பினார். “எல்லாம் இருக்கு. நீ படுக்குறது எங்க?” தையல்நாயகி தாளை எட்டிப் பார்த்தாள். படுக்கிற இடம் இல்லாமல் இருக்குமா, கட்டில்தானே முதலில் போடுவார்கள், ஆறடிக்கு மூன்றடி, அதை வைத்துத்தான் அறையின் நீளமே முடிவாகும் என்று பயிற்சியில்கூடச் சொன்னார்கள். மாடம் இருந்தது. பானை இருந்தது. அலமாரிக்கு எத்தனை தட்டு என்றுகூட எழுதியிருந்தது. ஒரு வருஷம் தினமும் எடுத்துப் பார்த்த தாள். அவளுக்குக் காலில் இருந்த சேறு சட்டென்று காய்ந்து இறுகுகிற மாதிரி இருந்தது. விட்டுப்போச்சு என்று சொல்லப் போனாள். அதற்குப் பதிலாக வேறு வந்தது. “அண்ணே, அன்னைக்கிக் கனகு பாயைச் செவுத்தோரமா இழுத்துப் போட்டது நான்தான்.” சொல்லிவிட்டு, சொன்னது தன் காதிலேயே விழவில்லையோ என்று இன்னொரு தடவை சொன்னாள். “நடுவுல ஒழுகுச்சு. நான்தான் இழுத்துப் போட்டேன்.”

“தெரியும்” என்றார் நீலமேகம். தாளை மடித்து நாலாக்கி அவள் நோட்டுக்குள்ளேயே வைத்தார். “நான் வாசப்படியிலதான குந்தியிருந்தேன். பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். அம்மா சொல்லித்தான நீ இழுத்த?” அம்மாவா? அம்மா கன்றுக்குட்டியை அவிழ்க்கப் போயிருந்தாளே. “அம்மா வெளியில இருந்துச்சு.” “கன்னுக்குட்டியக் கட்டிட்டுத் திரும்பி வந்துச்சு. தலைக்கு மொறத்தப் புடிச்சுக்கிட்டு, உள்ள வராம, எறவாணத்துக்குக் கீழ நின்னுக்கிட்டே சொல்லுச்சு. ‘ஏ தையலு, புள்ளை நனையுது பாரு, செவுத்தோரமாப் போடு’ன்னு. அப்புறந்தான் நீ எந்திரிச்ச.” “நெசமாவாண்ணே?” “இதுல பொய் சொல்லி எனக்கு என்ன ஆவப் போவுது?” என்று சொல்லிவிட்டுக் குனிந்து வேட்டியில் ஒட்டியிருந்த வைக்கோலை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார். தையல்நாயகி அந்த மத்தியானத்துக்குள் திரும்பப் போய் அம்மாவின் குரலைத் தேடினாள். சொட்டு விழுகிற சத்தம் இருந்தது, கனகுவின் சிரிப்பு இருந்தது, உள்ளங்கையில் கோரை குத்துவது இருந்தது. முறம் இல்லை. குரல் இல்லை. ஒன்பது வயசுப் பிள்ளைக்கு அம்மா சொன்னது மறந்துபோகுமா? எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு அதை மட்டும் தொலைக்குமா? அண்ணன் பொய் சொல்லக்கூடிய ஆள்தான். அப்பா சாகக் கிடந்தபோது தஞ்சாவூர்ப் பெரியாஸ்பத்திரியில் டாக்டர் பத்து நாள் என்றார், அண்ணன் அப்பாவிடம் போய், “ரெண்டு வருசத்துக்கு ஒண்ணுமில்லன்னு டாக்டரு கண்ணாடியக் கழட்டித் தொடைச்சுக்கிட்டே சொன்னாருப்பா” என்றார். அந்தக் கண்ணாடியை நம்பித்தான் அப்பா அந்தப் பத்து நாளும் சாப்பிட்டார். முறமும் அந்தக் கண்ணாடி மாதிரியா? ஆனால் அம்மா. அம்மா கடைசி வரைக்கும் கூடத்து நடுவில்தான் படுப்பாள். அண்ணன் வீட்டில், அத்தனை கெட்டியான சுவர் வீட்டில், ஆட்கள் நடக்கிற வழியில் பாயைப் போட்டுப் படுத்துக்கொள்வாள், பேரப்பிள்ளைகள் தாண்டித் தாண்டிப் போகும். “ஓரமாப் படு அத்தே” என்று அண்ணி எத்தனை தடவை சொல்லியிருப்பாள். காத்தாடிக்கு நேரா இருக்கணும் என்பாள் அம்மா. தையல்நாயகியும் காத்தாடிக்காக என்றுதான் நினைத்திருந்தாள். அது சுவர் பயமாக இருக்கலாம், பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்கு அந்தப் பயம் வராதா, அதில் வேறு அர்த்தம் எதற்கு? இல்லை, அம்மாதான் சொன்னாளோ. சொல்லியிருந்தால் முப்பது வருஷம் அம்மா அதை வைத்துக்கொண்டு படுத்திருக்கிறாள். லீவுக்குப் போகிறபோதெல்லாம் அதே கூடத்தில், பக்கத்துப் பாயில், தையல்நாயகி தன்னுடையதை வைத்துக்கொண்டு படுத்திருந்தாள். இருவரும் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டு, ஒருத்தியை எழுப்பிவிடக் கூடாதென்று மற்றவள் புரண்டு படுக்காமல். அம்மாவிடம் கேட்டிருக்கலாம். அம்மா இருந்தபோது கேட்கத் தோன்றவில்லை, இவளுக்குக் கேட்க ஒன்றுமே இருந்ததில்லையே, சொல்லத்தானே இருந்தது. அண்ணனை மறுபடியும் கேட்டால் மறுபடியும் முறத்தைத்தான் சொல்வார். நிஜமாக இருந்தாலும் முறம்தான், பொய்யாக இருந்தாலும் முறம்தான். இரண்டில் எது என்று தெரியாமலேயே தான் கிழவியாகிச் சாகப் போவது அவளுக்குத் தெரிந்தது. அது தெரிந்தபோது, எதிர்பார்த்த அளவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதிரசத்தின் எள் ஒன்று பல்லில் மாட்டியிருந்தது, நாக்கால் அதை எடுத்தாள். “வைக்கோல் போடணும்ண்ணே” என்றாள். அவர் கட்டைப் பிரித்து உதறி உதறிப் போட, அவள் மிதித்தாள். சரியாகத்தான் வந்திருந்தது, கையில் எடுத்துப் பிடித்தால் விரல் தடம் அப்படியே நின்றது.

இரண்டு கட்டி செய்து பலகையில் வைத்தார்கள். அண்ணன் ஒன்றைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, “காஞ்சா நிக்கும்போலதான் இருக்கு” என்றார், யாரோ அவரை வலுக்கட்டாயமாகச் சொல்ல வைத்த மாதிரி. அவள் காலைக் கழுவினாள். அவர் சுண்ணாம்பு டப்பாவை எடுத்துக் குலுக்கி அதில் இருக்கிறதா என்று பார்த்தார். “கட்டில் எங்கன்னு சொல்லு, போட்டுருவோம். இல்லாட்டி அறை நீளம் பத்துதா பத்தலையான்னே தெரியாது. டேப்பு இருக்கா?” டேப்பு இருந்தது, பைக்குள் எங்கேயோ. அவள் அதைத் தேடவில்லை. வாசல் வழியாக உள்ளே போய், ஈரக் காலோடு தரையில் உட்கார்ந்து, அப்படியே மல்லாந்து படுத்துவிட்டாள். “ஏய், என்னது, யாராச்சும் பாத்தா என்ன நெனப்பாங்க” என்றார் அண்ணன். தோள்பட்டைக்கடியில் ஒரு கல் உறுத்தியது, அதை எடுத்து வீசினாள். வெயில் நேராக முகத்தில் இறங்கியது, மாசி வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. கால் எங்கே முடிகிறது என்று ஆட்டிப் பார்த்தாள், அடுப்படிக் கோட்டுக்கு இன்னும் ஒரு கை இடம் இருந்தது. “பத்துதுண்ணே.” “தலை எந்தப் பக்கம்?” “கெழக்கால.” “சரி. செவுத்துலேர்ந்து எம்புட்டுத் தள்ளிப் போடணும்? நடுவுல வருதா, ஓரமா வருதா?” அவர் இதைச் சாதாரணமாகத்தான் கேட்டார், கடையில் எத்தனை மூட்டை என்று கேட்கிற குரலில். கேட்டபிறகு டப்பாவை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார். தையல்நாயகி இடது கையை நீட்டினாள். சுண்ணாம்புக் கோடு எட்டவில்லை. உடம்பை ஒரு சாண் நகர்த்தினாள், இன்னொரு சாண் நகர்த்தினாள், புடவை மண்ணில் இழுபட்டது. புறங்கையில் சுண்ணாம்பு பட்டது.

“ஓரமாவே வரட்டும்” என்றாள். “ஒட்டியே போடு.”

வேலியில் ஏதோ குருவி இரண்டு தடவை கத்திவிட்டு நிறுத்தியது. பிறகு செருப்புச் சத்தம் அவள் தலைமாட்டுக்கு வந்து நின்றது.

“கண்ண மூடிக்க தாயி, சுண்ணாம்பு விழுந்துரும்.”

அவள் மூடிக்கொண்டாள். தலைமாட்டில் ஆரம்பித்து, வலப்பக்கமாக இறங்கி, காலைச் சுற்றி, அவர் மெதுவாக நடந்து போவது கேட்டது. ஒரு மூலையில் நின்று டப்பாவைத் தட்டினார். திரும்ப வந்து, “எந்திரிச்சுப் பாரு, போதுமான்னு” என்றார்.

“இருண்ணே” என்றாள் தையல்நாயகி. “கொஞ்ச நேரம் இப்படியே இருக்கேன்.”